லோஹா போல் வாசலில்

ஜோத்பூர் போவது என்று முடிவானதுமே எனக்கு அம்மாவின் முழங்கால்தான் கவலை. மெஹ்ரான்கர் கோட்டை ஊருக்கு மேலே சுமார் நானூறு அடி உயரப் பாறையில் உட்கார்ந்திருக்கிறது. நல்லவேளையாக மேலே ஏற லிஃப்ட் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். 1459-இல் ராவ் ஜோதா கட்டத் தொடங்கிய கோட்டைக்குள் லிஃப்டில் போய் இறங்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அம்மாவுக்கு அதெல்லாம் இல்லை. "ராஜாவே இப்ப இருந்தா இதுலதான்டி போவாரு" என்றாள்.

மேலே பூல் மகாலின் தங்கப் பூச்சையும் ஷீஷ் மகாலின் கண்ணாடிச் சில்லுகளையும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். ஷாஜகான் கொடுத்த வெள்ளி அம்பாரியின் முன்னால் கூட்டம் அதிகம். அம்மா ரொம்ப நேரம் நின்றது ராஜ குழந்தைகளின் தொட்டில்கள் இருந்த அறையில். அங்கே கல்லில் குடைந்த ஜன்னலில் கண்ணை வைத்தால் கீழே முற்றம் முழுசாகத் தெரிகிறது. முற்றத்திலிருந்து பார்த்தால் ஜன்னலுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அரண்மனைப் பெண்கள் விழாக்களைப் பார்த்தது இந்த ஓட்டைகள் வழியாகத்தான்.

இறங்கும்போது நடந்தே போகலாம் என்று அம்மாவே சொன்னாள். முதலில் வருவது லோஹா போல். இங்கே வாசலுக்குப் 'போல்' என்று பெயர். கதவில் ஆள் உயரத்துக்கும் மேலே வரிசையாக இரும்பு முள். யானை முட்டித் திறக்காமல் இருக்க. பக்கத்துச் சுவரில் கல்லில் புடைப்பாகச் சின்னச் சின்ன உள்ளங்கைகள், மேலே செந்தூரம். யாரோ பூமாலையும் சார்த்தியிருந்தார்கள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

அப்புறம்தான் சொன்னேன். கணவனின் சிதையில் ஏறப் போன ராணிகள் இந்த வாசலைத் தாண்டும்போது விட்டுப்போன கைத்தடம் அது. 1843-இல் மகாராஜா மான்சிங் இறந்தபோதும் நடந்திருக்கிறது. ஆங்கிலேயர் வங்காளத்தில் உடன்கட்டையைத் தடை செய்தது 1829-இல். ஜோத்பூரோ ராஜா ஆண்ட சமஸ்தானம், அதற்கு அந்தச் சட்டம் செல்லாது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தன் வலது கையை ஒரு தடத்துக்கு நேராக, தொடாமல், பிடித்துப் பார்த்தாள். அம்மாவுடையதே சின்னக் கைதான். கல்லில் இருந்தது அதைவிடச் சின்னது. "பதினஞ்சு வயசு இருக்குமா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்.

அதற்குக் கீழே இன்னொரு வாசலில் ஜெய்ப்பூர்ப் படையின் பீரங்கிக் குண்டு பட்ட வடுக்கள் இருக்கின்றன. காட்டினேன், "சரி சரி" என்று நடையைக் கட்டினாள். கோட்டை நிலைக்க வேண்டுமென்று அஸ்திவாரத்தில் உயிரோடு புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ராஜாராம் மேக்வாலின் கதையை நான் எடுக்கவே இல்லை. ஒரு நாளைக்கு இது போதும்.

மறுநாள் உமைத் பவன். பஞ்ச காலத்தில் சனங்களுக்கு வேலை கொடுக்கவென்று 1929-இல் ஆரம்பித்து 1943 வரை கட்டிய அரண்மனை, 347 அறைகள். ஒரு பகுதி ஹோட்டல், ஒரு பகுதியில் ராஜ குடும்பம். நம்மை விடுவது மியூசியத்துக்கு மட்டும். கடிகாரங்கள் அழகு. மற்றபடி எனக்கு ஒட்டவில்லை.

சாயங்காலம் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் மிர்ச்சி வடா தின்றோம். முழு மிளகாய்க்குள் உருளைக்கிழங்கு அடைத்த பஜ்ஜி, ஒன்றிலேயே வயிறு நிறைந்துவிட்டது. பக்கத்துச் சந்தில் அரக்கு வளையல் கடை. கடைக்கார அம்மாள் அளவெல்லாம் கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி ஒரு அமுக்கு அமுக்கினாள். சிவப்பு வளையல் வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "இதுல சின்ன அளவு எது வரைக்கும் இருக்குன்னு கேளு" என்றாள்.

"யாருக்கும்மா?"

"சும்மா கேளு."