அங்காராவிலிருந்து கெல்வெரி வரை: துருக்கி நாட்குறிப்பு

2024 அக்டோபர் 3, அங்காரா

சிஹ்ஹியே சதுக்கத்தில் நிற்கும் பெரிய சூரியச் சின்னத்தைக் காலையில் பார்த்தேன். அலாஜாஹோயூக் கல்லறைகளில் கிடைத்த வெண்கலச் சின்னங்களை அடியொற்றி அமைத்தது அது. மூலப் பொருள்களை அனத்தோலிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் காணலாம். அவற்றைச் செய்தவர்கள், துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவில் பண்டைக் காலத்தில் வாழ்ந்த ஹத்தியர். அவர்கள் மொழிக்கும் துருக்கிய மொழிக்கும் உறவில்லை. துருக்கியர் இந்நிலத்துக்கு வந்ததோ அதற்கு 3,000 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அப்படியிருக்க, துருக்கியின் தலைநகர் நடுவில் இச்சின்னம் ஏன் நிற்கிறது?

விடை 1930-களில் இருக்கிறது. 1932 ஜூலையில் இதே நகரில் கூடிய முதல் துருக்கிய வரலாற்று மாநாட்டில், மத்திய ஆசியாவின் உள்நாட்டுக் கடல் வற்றியதால் அங்கிருந்து நாலா திசையும் பரவிய துருக்கியரே உலக நாகரிகங்களை விதைத்தனர் என்றும், சுமேரியரும், ஹத்தியருக்குப் பின் அனத்தோலியாவை ஆண்ட ஹித்தைத்தியரும் அவர்கள் வழிவந்தவர்களே என்றும் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அரசின் புதிய வங்கிகளுக்கு 1933-இல் சுமேர்பேங்க் என்றும், 1935-இல் ஹித்தைத்தியர் பெயரால் எத்திபேங்க் என்றும் பெயரிட்டார்கள். வறட்சிக் கதைக்குச் சான்று போதாது என்று மாநாட்டிலேயே மறுத்த வரலாற்றாசிரியர் ஸெகி வெலிதி, நாட்டைவிட்டு வியன்னாவுக்குப் போக நேர்ந்தது.

இதைக் கேலி செய்வது எளிது. ஆனால், துருக்கியரை மஞ்சள் இனத்தார் என்றும் நாகரிகம் அறியாதவர் என்றும் ஐரோப்பியப் பாடநூல்கள் எழுதிவந்த காலம் அது. 'நேற்று வந்தவர்கள்' என்ற ஏச்சுக்கு, 'எங்களுக்கு முன் இங்கிருந்தவர்களும் நாங்களே' என்று பதில் சொன்னார்கள். பதில் பொய்தான்; ஏச்சும் நேர்மையானதன்று.

அக்டோபர் 4, அங்காரா

பகல் முழுவதும் மழை. அறையிலேயே இருந்து ஓர்கோன் கல்வெட்டுகளின் வாசகத்தைப் படித்தேன். 'துருக்கியர்' என்று ஒரு மக்கள் தம்மைத் தாமே, தம் மொழியிலேயே அழைத்துக்கொண்டதற்கு நீண்ட சான்று இவைதாம். இங்கிருந்து 5,000 கிலோமீட்டருக்கும் அப்பால், மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் நிற்கும் கற்கள் அவை. ஒன்று 732-இல் இளவரசன் குல் திகினுக்காக நிறுத்தப்பட்டது. மற்றொன்று 735-இல் அவன் அண்ணனும் பேரரசனுமான பில்கே ககானுக்காக. டென்மார்க் மொழியறிஞர் வில்ஹெல்ம் தாம்சன் 1893-இல் எழுத்தின் புதிரை அவிழ்க்கும் வரை அவற்றைப் படிப்பார் இல்லை. இஸ்தான்புல் அறிஞர்கள் தங்கள் தொன்மையைக் கோபன்ஹேகனிலிருந்து கேட்டறிந்தார்கள் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

தம்பியை இழந்த ககான், 'காணும் என் கண் காணாதது போலாயிற்று' என்று தம்பியின் கல்லில் புலம்புகிறான்: 'கொரூர் கொஸூம் கொர்மெஸ் தெக்'. விடுதி வரவேற்பறையில் இருந்த இளைஞரிடம் இதைப் படித்துக் காட்டினேன். கடைசிச் சொல் தவிர மற்றவை அவருக்கு உடனே புரிந்தன.

அக்டோபர் 6, கோன்யா

துருக்கிய மொழி பேசிய ஓகுஸ் குலங்களிலிருந்து எழுந்த செல்ஜூக்குகள் 1071-இல் மன்ஸிகெர்ட்டில் பைசாந்தியப் பேரரசனைத் தோற்கடித்தபின் அனத்தோலியாவின் கதவு திறந்தது என்பது பள்ளிப் பாடம். வந்தவர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மையினர். இன்றைய துருக்கியரின் மரபில் பெரும்பங்கு அவர்களுக்கு முன்பே இந்நிலத்திலும் அண்டைப் பகுதிகளிலும் வாழ்ந்தவர்களுடையது என்றும், மத்திய, கிழக்கு ஆசியப் பங்கு சிறியது என்றும் மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே மங்கோலியாவிலிருந்து அறுபடாமல் வந்தது மொழிதான். ரத்தம் வழியெங்கும் கலந்துகொண்டே வந்தது.

அந்த மொழிக்கும் இந்த ஊரில் அரியணை கிடைக்கவில்லை. செல்ஜூக் அரசவையில் பாரசீகம் கோலோச்சியது. இங்கே அடங்கியிருக்கும் சூஃபிக் கவிஞர் ரூமியும் பாரசீகத்தில்தான் பாடினார். பிற்கால உஸ்மானிய (ஒட்டோமன்) மேட்டுக்குடியினருக்கோ 'துர்க்' என்பது நாட்டுப்புறத்தானைக் குறிக்கும் இளக்காரச் சொல். அதைப் பெருமைக்குரிய பெயராக்க 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசியச் சிந்தனையாளர் சியா கோக்கால்ப் போன்றோர் பாடுபட வேண்டியிருந்தது. தேசம் குருதியால் ஆவதன்று, வளர்ப்பாலும் பண்பாட்டாலும் ஆவது என்றார் அவர்.

அக்டோபர் 8, கெல்வெரி

இப்போது இவ்வூரின் பெயர் குஸெல்யுர்த். கோக்கால்ப் சொன்ன அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் அது உடைந்துபோகிறது. இங்கிருந்த ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் பேசியது துருக்கிய மொழி. அதைக் கிரேக்க எழுத்தில் எழுதினார்கள். கரமன்லிகள் என்று அவர்களுக்குப் பெயர். 1923 ஜனவரி 30-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லொசானில் துருக்கியும் கிரீசும் கையெழுத்திட்ட மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம் மொழியைக் கேட்கவில்லை, மதத்தைக் கேட்டது. துருக்கிய மொழியன்றி வேறறியாத பலர் 'கிரேக்கர்' ஆகிக் கிரீசுக்குப் போனார்கள். கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் 'துருக்கியர்' ஆகி இங்கு வந்தார்கள். முஸ்லிம் எவரையும் 'துலுக்கர்' என்று சொல்லிப் பழகிய தமிழ்ச் செவிக்கு இக்குழப்பம் புதிதன்று. இனத்தின் பெயரை நாமும் மதத்தின் மேல்தான் போர்த்தியிருக்கிறோம்.

புனித கிரெகொரியின் தேவாலயம் இன்று பள்ளிவாசல். ஊரைவிட்டுப் போனவர்கள் அவருடைய திருவெச்சங்களையும் சுமந்து சென்று, கிரீசில் கவாலாவுக்கு அருகே நெயா கர்வாலி என்ற ஊரை அமைத்தார்கள்.

எதிரே இருந்த தேநீர்க் கடைக்காரரின் முன்னோர் கிரீசின் கொஸானியிலிருந்து வந்தவர்களாம். 2018 பிப்ரவரியில் அரசு வம்சாவளிப் பதிவேட்டை இணையத்தில் திறந்தபோது, கூட்டம் தாங்காமல் தளமே முடங்கியதையும், பல நாள் காத்திருந்து தம் பக்கத்தைத் தாம் திறந்ததையும் சொன்னார். பூட்டனின் பிறப்பிடம் என்ற இடத்தில் கொஸானி என்றிருந்தது. அதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. இரண்டாவது கோப்பைத் தேநீருக்கு அவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.