ஒன்று என்ற எண்

தான்சானியாவின் அருஷாவில் இரண்டு ஆண்டுகள் கணக்காளராக வேலை பார்த்தேன். வருடத் தணிக்கை முடிந்து கண்ணெல்லாம் எரிந்துகொண்டிருந்த ஒரு வார இறுதியில், அலுவலக ஓட்டுநர் என்னை ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குக் கூட்டிப்போனார். முன்பு சஃபாரி வழிகாட்டியாக இருந்தவர். அவரைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவேன். ஸ்வாஹிலியில் அண்ணன் என்று பொருள். காயல்பட்டினத்திலும் அண்ணனை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்!

விளிம்பில் ஒரே மூடுபனி, ஸ்வெட்டருக்குள்ளும் குளிர். 600 மீட்டர் கீழே இறங்கியதும் வெயில். இருபது லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் எரிமலை தன் குழம்பைக் கக்கித் தீர்த்து, உச்சி உள்ளே சரிந்து உண்டான கிண்ணம் இது. அடித்தளம் மட்டும் சுமார் 260 சதுர கிலோமீட்டர்.

எங்கள் வண்டி நிழலிலேயே ஒரு சிங்கம் வந்து படுத்தது. ஜன்னலுக்கு நேர் கீழே அதன் விலா ஏறி இறங்கியது. மூக்கைச் சுற்றி ஈக்கள். "1962-இல் கடிக்கும் ஈக்கள் பெருகி இங்கே சிங்கக் கூட்டத்தையே அழித்துவிட்டன, பத்துப் பதினைந்துதான் மிஞ்சின" என்றார் காக்கா. புண்ணோடு நலிந்துபோய் வேட்டையாட முடியாமல் செத்தனவாம். அதற்கப்புறம் அந்த ஈக்களிடமிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

லெராய் காட்டைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்தினார். தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. "கிஃபாரு." காண்டாமிருகம்! அறுபதுகளில் இங்கே நூற்றுக்கு மேல் இருந்தவை, கொம்புக்காகக் கொல்லப்பட்டு, தொண்ணூறுகளில் இருபதுக்கும் கீழே போயின. இன்று காவலர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தெரிந்து வைத்து, இரவும் பகலும் காக்கிறார்கள். காதில் வெட்டிய அடையாளம்தான் பேரேட்டுப் பக்கம் மாதிரி. நான் நாள் முழுக்கக் கோடிகளைக் கூட்டுகிறவன். ஒன்று என்ற எண்ணுக்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று அங்கேதான் உணர்ந்தேன்.

பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது. அதனால் காத்திருந்தோம். ஒரு மணி நேரம், அப்புறம் இன்னும் அரை மணி. "போலே போலே" என்றார் அவர், மெதுவாக, மெதுவாக. சரி, இன்றைக்கு இவ்வளவுதான் என்று நினைத்தபோது புள்ளி நகர்ந்தது. பைனாகுலரில் பார்த்தேன்: முதுகில் காய்ந்த சேறு, தனித்தனியாகத் திரும்பும் இரண்டு காதுகள். அதன் வயிற்றுக்குப் பின்னாலிருந்து, புல்லை விலக்கிக்கொண்டு, ஒரு குட்டி.

காக்கா என் தோளை அழுத்திப் பிடித்தார். "இரண்டு" என்றார்.