பக் நாய்க்கு எதுக்களிப்பு இருமல்: மயக்க மருந்து கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

எங்கள் பக் நாய் மணியின் இருமலுக்குக் காரணம் எதுக்களிப்புதான் என்று தெரிவதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆன்டிபயாடிக், சிரப், மறுபடியும் ஆன்டிபயாடிக். எக்ஸ்ரேயில் ஒன்றும் பிடிபடவில்லை. சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் இருமுகிறான், இருமி முடித்ததும் உதட்டை நக்கி எதையோ விழுங்குகிறான் என்று போன இடமெல்லாம் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. கைபேசியில் வீடியோ எடுத்துக் காட்டிய பிறகுதான் ஒரு மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். உங்கள் நாய் இருமினால் முதல் வேலையாக வீடியோ எடுத்துவிடுங்கள்.

சப்பை மூக்கு நாய்கள் மூச்சை இழுக்கப் படும் சிரமத்தில் நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, இரைப்பையில் உள்ளது மேலே ஏறுமாம். அதில் ஒரு துளி மூச்சுக்குழாயில் இறங்கினாலும் போதும். நுரையீரலுக்குள் உப்புநீர் விட்டு உறிஞ்சியெடுத்துப் பார்ப்போம் என்றார் அந்த மருத்துவர். மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுச் செய்யும் ப்ராங்கோஸ்கோப்பி நல்லபடியாக முடிந்தது. மணி நன்றாக விழித்துத் தலையைத் தூக்கும்வரை மூச்சுக்காகத் தொண்டையில் வைத்த குழாயை எடுக்காமல் பக்கத்திலேயே இருந்தார்கள். பக் வளர்ப்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆத்திரமூட்டியது. உறிஞ்சியெடுத்துக் குப்பியில் பிடித்த கலங்கிய நீரின் மேல் மெல்லிய நுரை நின்றது. நுரையீரலின் அடிவரை போய் வந்த நீர் என்பதற்கு அதுவே அடையாளம் என்று மருத்துவர் காட்டினார். அதை ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு ஓடினேன். "நாயிடமிருந்து எடுத்த மாதிரியை இங்கே வாங்குவதில்லை மேடம்" என்றார் கவுன்டரில் இருந்தவர். முந்தின நாள் தொலைபேசியில் வாங்குவோம் என்று சொன்னதும் இதே கூடம்தான். மேலாளர் சாப்பிடப் போயிருக்கிறாராம், படிவத்தில் நாய்க்கு இடமில்லையாம். ஐஸ் முழுக்கக் கரைந்த பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள். அந்த நீரில் உள்ள செல்கள் நேரம் ஆக ஆகச் சிதைந்துவிடும். அறிக்கையும் அப்படியே வந்தது: செல்கள் சிதைந்துள்ளன, மறு மாதிரி தேவை. ஒரு பக் நாய்க்கு மறுபடியும் மயக்க மருந்தா! நினைத்தாலே கை நடுங்கியது.

நல்லவேளை, மருத்துவர் கொஞ்சம் நீரை எடுத்துவைத்து அங்கேயே ஸ்லைடு போட்டிருந்தார். நியூட்ரோபில் செல்கள் (அழற்சியில் கூடும் வெள்ளையணுக்கள்) அதிகம், பாக்டீரியா கண்ணில் படவில்லை. கிருமி வளர்கிறதா என்று தன் ஆய்வகத்தில் வைத்த கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை. தொற்று இல்லாத அழற்சி என்பது அதிலிருந்து தெரிந்தது. பரிசோதனைக்கூடத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்துக் கட்டணத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன்.

அந்த நீரில் பெப்சின் பார்க்கலாமே என்று நானே கேட்டேன். உணவை உடைக்க இரைப்பை சுரக்கும் அந்தப் புரதம் நுரையீரலில் கிடைத்தால், கீழேயிருந்து ஏறி வந்தது என்றுதானே பொருள்? மருத்துவர் மறைக்காமல் சொன்னார்: கடையில் கிடைக்கும் கிட் மனிதர்களின் பெப்சினுக்காகச் செய்தது, நாய்க்கு எந்த அளவு இயல்பு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மேலும், மயக்கத்திலேயே எதுக்களிப்பு ஏற்படுவதுண்டு. தொண்டை வழியாக இறங்கும் கருவி அதை உள்ளே கொண்டுபோயிருக்கலாம். ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. நுரையீரல் இறுகும் நோயுள்ள வெஸ்ட் ஹைலேண்ட் ஒயிட் டெரியர் நாய்களின் நுரையீரல் கழுவல் நீரில் பித்த அமிலம் (அதுவும் கீழேயிருந்து ஏறி வருவதுதான்) இருந்ததைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் பெப்சின் கிட்டை நம்பி இன்று பணம் கட்டாதீர்கள்.

இப்போது மணிக்கு வெறும் வயிற்றில் ஒமெப்ரசோல், கொழுப்பு குறைந்த உணவு சிறு சிறு வேளைகளாக, கழுத்துப் பட்டைக்குப் பதில் ஹார்னஸ். எடையையும் குறைக்கிறோம். ஒமெப்ரசோல் அமிலத்தைத்தான் குறைக்கும், மேலே ஏறுவதை நிறுத்தாது; அதனால் உணவு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை. இரவு இருமல் பெரும்பாலும் நின்றுவிட்டது. மீதமிருந்த நீரைத் தேதி எழுதி உறைய வைக்கச் சொல்லியிருக்கிறேன். நாய்க்கென்று நம்பகமான பெப்சின் பரிசோதனை வந்தால், மணியை மறுபடி மயக்காமல் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.