பெரிய படகுக்கு மாறலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகுகள் சும்மா கிடக்கும்போது ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் தவறாமல் எழும் பேச்சு இது. இருக்கிற படகுக்கே மறுபடி பலகை மாற்றிப் பெயின்ட் அடிப்பதா, கொடுத்துவிட்டு ஆழ்கடல் படகு எடுப்பதா?

நியாயமான கேள்விதான். வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. கரையோரம் நாட்டுப்படகுக்கு, கிழக்கே இலங்கையுடனான 1974 ஒப்பந்த எல்லைக் கோடு, வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள் மட்டும். இந்தத் துண்டுக் கடலில் மடி (இழுவலை) இழுத்துக் கடன் அடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. ஆனால் அதே மடியைப் பெரிய படகில் கட்டி இழுத்தால் நெருக்கடி தீராது, டீசல்தான் இரட்டிப்பாகும். ஆழ்கடல் படகு என்றால் ஆயிரங்கால் தூண்டிலும் (நீண்ட கயிற்றில் வரிசையாக முள் கட்டியது) வழிவலையும் (நீரோட்டத்தோடு மிதக்கவிடும் வலை). படகு மாறும்போது தொழிலே மாறுகிறது. முதலில் இதை மனதில் உறுதி செய்துகொண்டுதான் விலை பேச வேண்டும்.

2017-இல் வந்த பாக் நீரிணை ஆழ்கடல் திட்டத்தில் படகு விலை 80 லட்சம். மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, கைக்காசு 8 லட்சம். மூன்று ஆண்டில் 2,000 படகு என்றார்கள். இறங்கியது அதில் சிறு பகுதிதான். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆழ்கடல் படகுக்கு அலகுச் செலவு 1.20 கோடி, பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதம் மானியம். இந்தத் தொகையெல்லாம் படகுக்கு மட்டும். முதல் இரண்டு மூன்று பாடுக்கான (கடலுக்குப் போய்வரும் பயணத்துக்கான) டீசல், ஐஸ், இரை, அரிசி, ஆட்களுக்கான முன்பணம் எதுவும் இதில் வராது. பலர் இடறுவது இங்கேதான். கையில் அந்தப் பணம் இல்லாவிட்டால் மீன் வாங்கும் கம்பெனியிடம் முன்பணம் வாங்க வேண்டியிருக்கும். அப்புறம் மீனுக்கு விலை சொல்வது சம்மாட்டி (படகு முதலாளி) அல்ல, கம்பெனி.

டீசலைப் போட்டுப் பாருங்கள். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.19 லிட்டர். 240 குதிரைத்திறன் எஞ்சினைப் பாதிச் சுமையில் ஓட்டினாலே மணிக்கு 23 லிட்டர். நாளுக்கு 12 மணி நேரம், 20 நாள் என்றால் 5,500 லிட்டர். ஜெனரேட்டர் தனி. விற்பனை வரி விலக்கு டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர். மூன்றரைப் பாடில் தீர்ந்துவிடும். மிச்சப் பாடுகளுக்கு பங்க் விலை. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் எஞ்சினுக்கு வேண்டிய சக்தி கால் பங்குக்கு மேல் குறையும். டிரைவர் இதை ஏற்றுக்கொள்பவராக இருக்க வேண்டும்.

கட்டுமிடம் அடுத்தது. ராமேஸ்வரத்தில் படகைத் தள்ளி நிறுத்திவிட்டு வத்தையில் (சிறு தோணியில்) போய் ஏறும் வழக்கம், ஐஸும் டீசலும் நிரப்பி ஏரா (படகின் அடிக்கட்டை) 2.5 மீட்டர் ஆழம் இறங்கும் படகுக்குச் சரிவராது. 10 டன் ஐஸ் என்றால் 50 கிலோ கட்டி 200. அதை வத்தையில் ஏற்ற முடியுமா? மூக்கையூர் அல்லது குந்துகால் பக்கம் கட்டுவது என்று முடிவெடுத்தால், காவலுக்கு ஆள், ஐஸ் வரும் தூரம், லாரி வாடகை எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வடகடலிலிருந்து தென்கடலுக்கு (மன்னார் வளைகுடாவுக்கு) வர பாம்பன் தூக்குப்பாலம் திறக்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதும் கணக்கில் சேரும்.

பழைய படகு வாங்குவதாக இருந்தால், தண்ணீரில் மிதக்கும் நிலையில் பார்த்து விலை பேசவே கூடாது. கரையேற்றச் சொல்லுங்கள். காத்தாடியை (புரொப்பல்லரை) கையால் தூக்கி ஆட்டுங்கள். அதைச் சுழற்றும் ஷாப்ட் ஆடினால், ஷாப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. தண்ணீரில் இறக்கி ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஷாப்ட் உள்ளே வரும் கிளாண்டைத் தொட்டுப் பாருங்கள். கிளாண்டில் தண்ணீரைத் தடுக்கத் திணித்திருக்கும் பேக்கிங்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்து, கை பொறுக்கும் சூடு இருந்தால் நல்லது. சொட்டே இல்லாமல் கொதித்தால் இறுக்கி முறுக்கி ஷாப்டைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். இரும்புப் படகில் எஞ்சினுக்கு அடியிலும் மீன் அறைக்கு அடியிலும் உப்புத் தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் துரு தின்னும். தகட்டின் கனத்தை அளக்காமல் வாங்காதீர்கள். துருவைத் தடுக்க அடியில் வைத்திருக்கும் துத்தநாகக் கட்டிமேல் பெயின்ட் அடித்திருந்தால், அது வேலை செய்யாமலே கிடந்திருக்கிறது என்று பொருள். மரப்படகென்றால் ஓடாவியை (படகு கட்டும் தச்சரை) கூட்டிப்போய் ஏரா ஓரப் பலகையைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம், ஆனால் செய்பவர்கள் குறைவு. அலையில்லாத நேரத்தில், கயிறு தளர்ந்திருக்க, அடியில் போதிய தண்ணீர் இருக்க, நாலைந்து பேர் சேர்ந்து படகைப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டு ஒதுங்குங்கள். இடம் சாய்ந்து, வலம் போய், மறுபடி இடம் வருவது ஓர் ஆட்டம். ஐந்து ஆட்டத்துக்கு ஆகும் நொடியை ஐந்தால் வகுங்கள். அந்த நொடி, படகின் அகலத்தின் மீட்டர் எண்ணிக்கைக்குள் இருக்க வேண்டும். 6.5 மீட்டர் அகலப் படகு 5 நொடியில் ஆடினால் விறைப்பாக நிற்கிறது. 7 நொடிக்குச் சோம்பலாக ஆடினால் மேல்பாரம் அதிகம். தொட்டிலாட்டம் சுகமாக ஆடுகிறது என்று சிலர் அதைத்தான் நல்ல படகு என்பார்கள்; ஆபத்தான படகு அதுதான். கரை திரும்பும்போது அடியில் இருந்த டீசலும் ஐஸும் தீர்ந்து, மேலே கூரைத் தண்ணீர்த் தொட்டியும் வலையும் அப்படியே இருக்கும். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் சாய்வுப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். வாடைக்காற்றில் திரும்புகிற படகுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

இனி ஆட்கள். விடிந்து கரை சேரும் தொழிலில் பழகியவர்களை 20 நாள் கடலில் வைப்பது ஒரு சிரமம். தூண்டில் கற்றுக்கொள்வது வேறொரு சிரமம். தூண்டில் விடும் ஒரு தடவைக்கு 500 தூண்டில் முள், முள்ளுக்கு 100 கிராம் கணவாய் என்றால் 50 கிலோ இரை. 12 தடவைக்கு 600 கிலோ, உறைந்த நிலையிலேயே கரையிலிருந்து ஏற்ற வேண்டும். மஞ்சள் துடுப்புச் சூரை ஏறியதும் கொக்கியைத் தலையில் மட்டும் போட வேண்டும். உடம்பில் போட்டால் விலை குறையும். கிடந்து துள்ளவிட்டால் உடல் சூடேறிச் சதை வெளிறிப்போகும். உடனே மூளையில் குத்தி அடக்கி, பக்கத் துடுப்புக்குப் பின்னால் மூன்று விரல் தள்ளி இரு பக்கமும் கீறி இரத்தம் வடித்து, செவுளும் குடலும் எடுத்து, ஐஸ் கலந்த கடல்நீரில் குளிரவைத்து, அப்புறம்தான் மீன் அறை. வெயிலில் போட்ட சூரையில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஏறிவிட்டால் பின்னால் எவ்வளவு ஐஸ் போட்டாலும், சமைத்தாலும் இறங்காது. முதல் நாள் பிடித்தது கரை வரும்போது இருபது நாள் மீன். ஆகவே முதல் வார மீனை எந்த விலைக்கு, யார் எடுப்பார் என்று போகும் முன்னே பேசி வையுங்கள்.

வி.எச்.எப். வயர்லெஸ் 20, 25 கடல் மைலுக்கு மேல் எட்டாது. 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது தூரக்கடலில் இருந்த குமரிப் படகுகளுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. செயற்கைக்கோள் வழியே சேதி அனுப்பும் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டரும் நபமித்ரா செயலியும் வேலை செய்கின்றனவா என்று கரையிலேயே சேதி அனுப்பிப் பார்க்காமல் கயிறு அவிழ்க்கக் கூடாது.

இத்தனையும் ஒத்துவந்தாலும் முன்பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். உங்கள் டிரைவரையும் ஆட்களில் மூன்று பேரையும் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் படகில் இரண்டு பாடு அனுப்புங்கள். தூத்தூர்க்காரர்களுக்கு இந்தத் தூண்டில் கைவந்த தொழில். வீட்டுச் செலவுக்கு நீங்கள் கொடுங்கள். திரும்பி வந்த பிறகு, மறுபடி போகத் தயாரா என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். நாலு பேரில் மூன்று பேராவது சரி என்று சொல்லவில்லையென்றால், இந்தத் தடைக்காலத்துக்கு ஓடாவியைக் கூப்பிட்டுப் பலகையை மாற்றுங்கள்.