கேட்ட சர்க்கரையும் வந்த சர்க்கரையும்

கொழும்பின் வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒரு பலசரக்குக் கடையில், "அண்ணா, இது கசகசா இல்லை, சப்ஜா விதை" என்று நான் மூன்றாம் முறையாகச் சொன்னபோது, பின்னால் நின்று பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பையன் முதலாளியிடம், "படத்தில கதைக்கிற மாதிரியே கதைக்கிறா" என்றான். தாழ்ந்த குரலில் சொன்னதாக அவன் நினைத்திருக்கலாம். எனக்கு நன்றாகவே கேட்டது. காஞ்சிபுரத்தில் பிறந்து, தமிழைத் தவிர வேறு மொழியில் கனவுகூடக் கண்டிராத ஒருத்தியின் பேச்சு, கடலைத் தாண்டி ஏறத்தாழ ஒரு மணி நேரம் பறந்து வந்ததும் சினிமா வசனமாகிவிட்டது. முதலாளி மட்டும் பொறுமை இழக்காமல், "தங்கச்சி, இதுதான் கசகசா. பலூடாவுக்குப் போடுறது" என்று அந்தச் சின்னக் கறுப்பு விதைகளை மறுபடியும் என் பக்கம் தள்ளினார். எங்கள் ஊரில் கசகசா என்றால் குருமாவுக்கு அரைக்கும் வெளிர்நிறப் பொடி விதை என்பதை அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல், காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பௌத்தர்களின் பௌர்ணமித் திருநாளான வெசாக் போயா அன்று மாலை எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஒரு விருந்து ஏற்பாடாகியிருந்தது. மூன்றாம் மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மையாரின் பேத்திக்குப் பிறந்தநாள். அப்படியே கடற்காற்றில் நின்று கீழே வீதியெங்கும் எரியும் வெசாக் கூடுகள் என்னும் காகித விளக்குகளையும் பார்த்துவிடலாம் என்பது திட்டம். போயா நாளில் இந்த நாட்டில் மது விற்கமாட்டார்கள். ஆகவே வழக்கமாகக் கதவுக்குப் பின்னால் ரகசியமாக ஒரு மேசை அமைக்கும் ஆண்களும் அன்று எல்லோருடனும் சேர்ந்து பழச்சாறுதான் குடித்தாக வேண்டும் என்று ஆயிற்று. பொங்கி நுரைக்கும் பழப் பஞ்ச் ஒன்றை இருபத்தைந்து பேருக்குச் செய்து தருவதாக நான் வாக்குக் கொடுத்தேன். அந்த அம்மையாரை நான் 'ஆன்ட்டி' என்றுதான் அழைப்பேன். அவரோ வாட்ஸப்பில் தன்னை 'அன்ரி' என்று எழுதுவார். என்னைப் 'பிள்ளை' என்பார். நாற்பதை நெருங்கும் வயதில் ஒருவர் என்னைப் பிள்ளை என்று அழைப்பது இந்த ஊரில் எனக்குக் கிடைத்த பெரிய லாபங்களில் ஒன்று.

நான் இங்கே வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குளிர்நாடுகளுக்குப் போனவர்கள் பனியைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் எழுதினால் ஊரே உச்சுக் கொட்டுகிறது. கொழும்புக்கு வந்தவளுக்கோ அந்த அனுதாபத்தில் ஒரு துளியும் கிடையாது. "அங்கேயும் தமிழ்தானே, அங்கேயும் இட்லிதானே" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தத் தமிழ்தான் என்னை ஒவ்வொரு நாளும் தடுக்கி விழவைக்கிறது என்பதை யாரிடம் சொல்வது? எலுமிச்சம்பழம் இங்கே தேசிக்காய், பப்பாளி பப்பாசி, தர்ப்பூசணி வத்தகப்பழம், ஆரஞ்சு தோடம்பழம். சீதாப்பழத்தைத் தேடி நான் ஒரு மாதம் அலைந்தேன். அது அன்னமுன்னா என்ற பெயரில் என் கண்ணெதிரே தட்டில் அடுக்கியிருந்தது. ஒருமுறை கொடைக்கானலுக்குப் போனபோது தாட்பூட் பழம் என்று ஒன்றை வாங்கித் தின்றிருக்கிறேன். அதே பழம் இங்கே கொடித்தோடை என்று அவ்வளவு அழகான பெயரோடு கிடைத்தபோது, இந்த ஒன்றிலாவது இவர்கள் நம்மை வென்றுவிட்டார்கள் என்று மனதார ஒப்புக்கொண்டேன்.

ஆகவே பஞ்சுக்கான பட்டியலை நான் இலங்கைத் தமிழிலேயே எழுதினேன்: அன்னாசி நான்கு, பப்பாசி இரண்டு, கொடித்தோடை இரண்டு கிலோ, தேசிக்காய் ஒரு டசின், விரல்நீள இஞ்சி. சாறு 4 லிட்டர் தேறும்; அதற்குச் சோடாவும் எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியரும் சேர்த்து 8 லிட்டர். அது பெயரில் மட்டுமே பியர், குழந்தைகளும் குடிக்கும் இஞ்சிச் சோடாதான் என்று அம்மாவை நம்பவைப்பதற்கே ஒரு தொலைபேசி அழைப்பு முழுவதும் செலவாயிற்று. மாம்பழமும் சேர்க்கலாம் என்று கறுத்தக்கொழும்பான் பழங்களை ஆன்ட்டியிடம் காட்டினேன். பெயரிலே கொழும்பு இருந்தாலும் யாழ்ப்பாணத்து மண்ணின் பெருமை அது. "அதை வெட்டித்தான் சாப்பிட வேணும் பிள்ளை, சோடாவில போட்டால் பாவம்" என்று அவர் தட்டோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பட்டியலில் ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்ற மறந்திருந்தேன். கடைக்குக் கிளம்பிய ஆன்ட்டியிடம், "எனக்கு ஒரு கிலோ சர்க்கரை வாங்கி வந்துவிடுங்கள்" என்றேன். அவர் வாங்கி வந்தது, எங்கள் ஊரில் வெல்லம் என்போமே, அது: பழுப்பு நிறத்தில், கையில் ஒட்டும் கட்டிகளாக ஒரு கிலோ. "ஐயோ ஆன்ட்டி, வெள்ளைச் சர்க்கரை" என்றேன். "அது சீனி. நீங்கள் சர்க்கரை எண்டுதானே கேட்டனீங்கள்" என்றார். கேட்டது நான்தான். மணி ஐந்து. வெசாக் பார்க்க வந்த கூட்டத்தில் காலி வீதி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் சர்க்கரையையே தட்டிப்போட்டுப் பாகு காய்ச்சினேன்.

அந்த அவசரத்தில் செய்த தவற்றை இனி எந்த விருந்திலும் செய்யமாட்டேன். பாகு ஆறுமுன்பே சாற்றில் ஊற்றினேன். சாற்றையும் சரியாக வடிகட்டவில்லை. அதன்மேல் முதல் சோடாப் போத்தலை உயரத்திலிருந்து கவிழ்த்தேன். வாயு குளிர்ந்த நீரில்தான் கரைந்து நிற்கும், சூடு பட்டால் வெளியே ஓடும். சாற்றில் மிதக்கும் நாரும் சக்கையும் குமிழிகள் பிடித்து எழும்பப் படிக்கட்டாக அமைந்துவிடும். இவை எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தவைதான். ஆனால் அண்டாவிலிருந்து பழுப்பு நுரை பொங்கி, மேசை விரிப்பை நனைத்து, என் புடவைக் கொசுவத்தில் வழிந்தபோதுதான் பாடம் ஏறியது. எஞ்சிய சாற்றை மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி, பாத்திரத்தோடு பனிக்கட்டியில் புதைத்து வைத்தேன். கொஞ்சம் சாற்றை எடுத்து உறையவைத்துக் கட்டிகளாக்கினேன். தண்ணீர்ப் பனிக்கட்டி போட்டால் உருக உருகப் பானம் நீர்த்துப்போகும். மிச்சப் போத்தல்களைப் பரிமாறும் நேரம்வரை திறக்கவே இல்லை.

காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் நான் கொழும்பில் இல்லை. வெசாக் என்பது நம் வைகாசிதான். வைகாசி என்றால் காஞ்சியில் வரதராஜப் பெருமாளுக்குக் கருட சேவை. விடியற்காலையிலேயே வெளியூர்க் கூட்டம் வந்து நிறைந்த தெருவில் பாட்டியின் பானகப் பானை இருக்கும்: வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை. பானகம் வேண்டாம் என்று அடம்பிடித்த எனக்குத் தாத்தா கோலி சோடா வாங்கிக் கொடுப்பார். கடைக்காரர் மரக்கட்டையால் குண்டை அழுத்தியதும், வாயுவின் அழுத்தத்தில் ரப்பர் வளையத்தோடு ஒட்டியிருந்த அந்தக் கண்ணாடிக் குண்டு 'டப்'பென்று உள்ளே விழும். குடித்து முடிக்கும்வரை கழுத்துப் பள்ளத்தில் உருண்டு கிணுகிணுக்கும். அந்தப் போத்தலை ஆங்கிலேயரான ஹிராம் காட் 1870களில் உருவாக்கினார் என்பதைப் பின்னாளில் படித்தபோது, எங்கள் சன்னதித் தெருவின் சொத்தை யாரோ எடுத்துக்கொண்டதுபோல் மனத்தாங்கலாக இருந்தது.

இருட்டியதும் பரிமாறினோம். பொன்னிறமாக இருந்திருக்க வேண்டிய பானம் தேநீர் நிறத்தில் இருந்தது. கசகசா என்னும் அந்தச் சப்ஜா விதைகள் ஊறி, கண்ணாடி உடுத்த கறுப்புப் புள்ளிகளாக ஒவ்வொரு குவளையிலும் மிதந்தன. நன்றாகக் குளிர்ந்த சாற்றில் விளிம்போரமாக ஊற்றியதால் சோடாவின் குமிழிகள் நாக்கில் சுருக்கென்று குத்தின. ஆன்ட்டி ஒரு வாய் குடித்துவிட்டு, "கோயில்ல தண்ணீர்ப் பந்தலில குடுக்கிற சர்க்கரைத் தண்ணி மாதிரிக் கிடக்கு, ஆனால் குத்துது" என்றார். பஞ்ச் என்ற சொல்லே சாராயம், எலுமிச்சை, இனிப்பு, நீர், மசாலா என்ற ஐந்தும் சேர்ந்ததால் நம்முடைய 'பஞ்ச' என்பதிலிருந்து போனது என்று சொல்வோர் உண்டு. அன்றைய அண்டாவைப் பார்த்திருந்தால் பஞ்சாமிர்தத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றுதான் அவர்களும் சொல்லியிருப்பார்கள். பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வந்தார்கள். கதவுக்குப் பின்னால் மேசை அமைக்கும் கனவான்கள் மூன்றாம் முறை.

இரவு அம்மாவை அழைத்துப் பெருமையாகச் சொன்னேன்: கொடித்தோடை போட்டேன், தேசிக்காய் பிழிந்தேன், எல்லோரும் வெகுநேரம் கதைத்துக்கொண்டிருந்தோம். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என்னடி, சிலோன் ரேடியோ மாதிரி பேசுற?" என்று சிரித்தாள். சினிமாப் பாட்டையெல்லாம் கொழும்பு வானொலியிலேயே கேட்டு வளர்ந்த தலைமுறை அவளுடையது. அவள் வாயில் அது பாராட்டாகவும் இருக்கலாம், நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஆன்ட்டியின் பேத்தி அதே பானத்தைக் கேட்டாள். நான் கடைக்குப் போய், இந்த முறை இடறக்கூடாது என்ற கவனத்தோடு, இந்த ஊர்ப் பொருளிலேயே, "ஒரு கிலோ சர்க்கரை" என்றேன். நடந்த கதையை ஆன்ட்டி ஏற்கெனவே அங்கே சொல்லிவிட்டிருந்தார் போலும். பொட்டலம் கட்டும் பையன் எல்லாம் தெரிந்தவனாக என்னைப் பார்த்துப் புன்னகைத்து, "விளங்குது அக்கா" என்று சொல்லி, வெள்ளை வெளேரென்று ஒரு கிலோ சீனியை நிறுத்துக் கட்டினான். நான் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டு வந்தேன்.