சாதாவா, காட்டா? கதிர்க்குருவிக் குறிப்புகள்

கதிர்க்குருவி (பிரினியா) என்னும் சின்னப் பறவைகளில் சாம்பல் கதிர்க்குருவி யாரையும் அலைக்கழிப்பதில்லை. சாம்பல் முதுகு, செம்பழுப்பு வயிறு, பறக்கும்போது டிக் டிக்கென்று ஒரு சொடுக்கு. பார்த்த உடனே பெயர் எழுதிவிடலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் வம்பு மற்ற இரண்டோடுதான்: சாதாக் கதிர்க்குருவி, காட்டுக் கதிர்க்குருவி. இரண்டும் மண்பழுப்பு. இரண்டுக்கும் நீண்ட வால், அதை ஆட்டிக்கொண்டே புதருக்குள் மறையும் பழக்கம். முன்னதை 1832-ல் சைக்ஸ், பின்னதை 1840-ல் ஜெர்டான் என்ற பறவையியலாளர்கள் விவரித்துப் பெயரிட்டார்கள். அவர்கள் கையில் பறவை இருந்தது. நமக்குக் கிடைப்பது முள்ளுக்கு நடுவே அரை வினாடி.

ஆடி மழைக்குப் பிறகு நான் தேர்ந்தெடுத்த இடம், கே.ஆர்.பி. அணைக்குக் கீழே காவேரிப்பட்டணம் பக்கமாக ஒரு கேழ்வரகுக் கொல்லையின் கடைசி வரப்பு. வரப்புக்கு இந்தப்புறம் பயிர். அந்தப்புறம் ஆவாரையும் சூரையும் உண்ணிச்செடியுமாகக் கல்லாங்காடு, அதற்கப்பால் பாறைக் குன்று. இரண்டு குருவியும் ஒரே பார்வையில் சிக்குவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நிறத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிட்டேன். செம்மண்ணில் பட்டு எழும் காலை வெயிலில் எல்லாக் குருவியும் சிவப்பாகத்தான் தெரிகிறது. அதோடு இரண்டும் பருவத்துக்குப் பருவம் உடை மாற்றுகின்றன. குளிர்காலத்தில் பழுப்பு செம்மையேறும், வாலும் நீளும். ஆடியில் எடுத்த படத்தை மார்கழிப் பறவையோடு ஒப்பிடுவது வீண் வேலை.

முகம் கொஞ்சம் கைகொடுத்தது. சாதாவின் வெளிர்ப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னாலும் ஓடுகிறது. அலகுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட இடமும் வெளிறியிருப்பதால் முகமே துடைத்துவிட்டாற்போல் இருக்கும். காட்டுக் கதிர்க்குருவிக்குப் புருவம் குட்டை, தெளிவும் குறைவு. அலகு தடிப்பு, உடம்பும் சற்றுப் பெரிது. புதர்விட்டுப் புதர் தாவும்போது காட்டுக் குருவியின் வாலோரம் வெள்ளை பளிச்சிடுவதும் உதவுகிறது, நாம் சரியான பக்கம் நின்றிருந்தால்.

நிஜமாகப் பிரித்துக் காட்டியது குரல்தான். காட்டுக் கதிர்க்குருவி புதரின் உச்சிக்கோ கரண்ட் கம்பிக்கோ ஏறி, ‘பிட்-பிரிட்டி, பிட்-பிரிட்டி’ என்று கணீரெனத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. கொல்லையின் மறுகோடியிலும் கேட்கும். சாதாவின் பாட்டு, சைக்கிள் ஆரத்தில் அட்டை உரசுகிற மாதிரி ஒரே வறண்ட கிறுகிறுப்பு. கேழ்வரகுக்குள்ளிருந்து வந்தால் ஏதோ பூச்சி என்றே தோன்றும். போனில் பதிவு செய்து, குரலை வைத்துப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியில் ஒலிப்படம் (ஒலியைக் கோடுகளாகக் காட்டும் படம்) பார்த்தேன். காட்டுக் குருவியின் சொற்கள் இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்கின்றன, சாதாவினுடையது நெருக்கமான கோடுகளின் வரிசை. செயலி சொல்லும் பெயரை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒலிப்படத்தை நம் கண்ணால் பார்ப்பதில்தான் பயன் அதிகம்.

பதிவை ஒலிக்கவிட்டுக் குருவியை வெளியே வரவழைக்கலாமே என்று நண்பர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூடு கட்டும் பருவத்தில் ஆண் தன் வேலையை விட்டுவிட்டு இல்லாத எதிரியோடு மல்லுக்கு நிற்கும். காத்திருந்தால் தானாகவே மேலே வந்து பாடுகிற பறவைதானே.

காத்திருப்பதிலும் சங்கடம் உண்டு. ஆடு ஓட்டி வந்த பெரியவர் நான் புதரையே முறைப்பதைப் பார்த்து, “என்னங்க சார், பாம்பா?” என்றார். “குருவிங்க” என்றேன். “குருவிக்கா இந்நேரம் நிக்கறீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஆடுகளோடு போய்விட்டார்.

பயிருக்குள் இருந்தால் சாதா, முள்ளுக்குள் இருந்தால் காட்டு என்று இடத்தை வைத்துச் சொல்லலாம் என்பார்கள். கதிர் நிற்கும்வரை அது ஓரளவு சரிதான். அறுவடை முடிந்த பிறகு சாதாவையும் வேலி முள்ளில் பார்த்தேன். அதனால் இடத்தைக் கடைசிச் சாட்சியாகத்தான் வைத்திருக்கிறேன்.

இப்போதைக்கு என் விதி இது: குரலைக் கேட்டாலோ முகம் தெளிவாகத் தெரிந்தாலோதான் இனப் பெயர். மற்றதெல்லாம் ‘கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை’ என்றே ஈபேர்ட் என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் ஏறும். அடுத்து பாரூர் ஏரி. கரையோரக் கோரைக்குள் சாதாவை மட்டும் தனியாகக் கேட்டுப் பழகிவிட்டு, மறுபடி இந்த வரப்புக்கு வர எண்ணம்.