மேட்டில் பழகிய பந்து

டிசம்பர் 26, வெள்ளி

கல்லூரிகளுக்கு இடையேயான கால்பந்துப் போட்டி. முதல் ஆட்டம் கோவையில், ஜனவரி 21 பிற்பகல் இரண்டரை மணிக்கு. தோற்றால் அதோடு வெளியே. இந்த வருஷம் கோப்பை ஊட்டிக்கு வந்தே ஆக வேண்டும் என்று நிர்வாகம் சொல்லியாகிவிட்டது. கையில் 26 நாள், அதிலும் பொங்கலுக்கு நான்கு நாள் போய்விடும்.

இப்படி நெருக்கும்போது காலை, மாலை இரண்டு வேளையும் பையன்களை ஓட விடத்தான் கை துடிக்கும். அதைச் செய்யக் கூடாது. மூன்று வாரத்தில் ஓட்டத்திறன் பெரிதாக ஏறிவிடாது, கால்தான் பிடித்துக்கொள்ளும். இந்த அவகாசத்தில் உண்மையாகவே மாறக்கூடியவை மூன்று: கார்னர், த்ரோ, ஃப்ரீ கிக் போன்ற நின்ற பந்துகள், சமவெளிக் காற்றில் பந்து போகும் விதத்தைப் பற்றிய கணிப்பு, வெயிலைத் தாங்கும் உடம்பு. பயிற்சி முழுக்க இந்த மூன்றுக்குத்தான். செவ்வாய், வியாழன் கடினம், சனி அல்லது ஞாயிறு ஆட்டம், மற்ற நாள் லேசு. எந்த நாளும் 75 நிமிடத்தைத் தாண்டாது.

டிசம்பர் 27, சனி

காலை ஆறரைக்கு மைதானம் வெள்ளை வெளேர். உறைபனி இருக்கும்போது புல்லை மிதித்தால் இலை உள்ளேயே உடைந்துவிடும். இரண்டு நாள் கழித்துக் காலடித் தடம் பழுப்பாகத் தெரியும், பிறகு அந்த இடம் சேறாகும். வெயில் ஏறிப் பனி உருகும்வரை யாரும் இறங்க வேண்டாம். இன்று முதல் பயிற்சி மாலை மூன்றரைக்கு. ஆட்டமும் பிற்பகல் என்பதால் அதுவே சரி.

கோடு போடச் சுண்ணாம்புக்கல் பொடி (கால்சியம் கார்பனேட்) மட்டும். கடையில் சுட்ட சுண்ணாம்பையோ நீர்த்த சுண்ணாம்பையோ கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்க வேண்டும். சுட்டது ஈரத்தில் சூடேறும், நீர்த்ததும் அரிக்கும்; வழுக்கி விழுகிற பையனின் முழங்காலும் கண்ணும் வெந்துவிடும். மூலைக்கு 3, 4, 5 மீட்டர் கயிறு பிடித்தால் செங்கோணம் சரியாக வரும்.

டிசம்பர் 29, திங்கள்

9-ஆம் எண் பையனுக்கு ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடையின் பின்தசை, இழுத்துக்கொண்டது. பயிற்சி தொடங்குமுன் குளிரில் நின்று பேசிக்கொண்டிருந்தவன், பந்து வந்ததும் முழு வேகத்தில் பாய்ந்திருக்கிறான். நடக்க முடிகிறது, வீக்கம் இல்லை, தொட்டால் ஒரே இடத்தில் வலி. லேசான இழுப்புதான். ஆனாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும்.

இனி காயத்தைத் தடுக்க ஃபிஃபா வகுத்த '11+' வார்ம்-அப் முடியாமல் யாரும் பந்தைத் தொடக் கூடாது. மெதுவோட்டம் 8 நிமிடம், பலம், சமநிலை, குதிப்பு 10 நிமிடம், வேக ஓட்டம் 2 நிமிடம். ஊட்டிக் குளிருக்கு முதல் பகுதியை 12 நிமிடமாக நீட்டிக்கொள்ளலாம். ஸ்வெட்டரைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான். நடுப்பகுதியில் வருகிற நார்டிக் பயிற்சியைத்தான் பையன்கள் ஏமாற்றுவார்கள். மண்டியிட்டு, ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய வேண்டும். இடுப்பை மடக்கிப் பொத்தென்று விழுந்தால் தசைக்கு வேலையே இல்லை. புதியவர்களுக்கு 3 முதல் 5 முறை போதும். அதிகம் செய்தால் மறுநாள் நடக்க முடியாது.

டிசம்பர் 31, புதன்

இன்று முழுக்கப் பந்தின் காற்று. பல அணிகள் கவனிக்காமல் விடுகிற விஷயம் இது, மலை அணிக்கோ இதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது.

விதிப்படி பந்தின் அழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்த அலகு) வரை இருக்கலாம். சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். கேஜ் என்கிற அழுத்தமானி காட்டுவது உள்ளே இருக்கும் மொத்த அழுத்தத்தை அல்ல, வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை. ஊட்டி கடல்மட்டத்துக்கு 2,240 மீட்டர் மேலே. வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே சுமார் 11.2. கோவை 411 மீட்டர். அங்கே சுமார் 14. அப்படியென்றால் இங்கே 18 டிகிரி அறையில் 10 பி.எஸ்.ஐ. அடித்த பந்து, கோவையின் 30 டிகிரி வெயிலில் 8-ஐ ஒட்டித்தான் காட்டும். வெப்பம் கொஞ்சம் ஏற்றிவிட்டும் இந்த நிலை. விதியின் கீழ் வரம்புக்கும் கீழே. வால்வு ஒழுகுகிறது என்று பந்தை மாற்றுவார்கள். பந்தில் குறையே இல்லை.

அதேபோல அறையில் 10 வைத்த பந்தை 5 டிகிரி மைதானத்துக்கு எடுத்துப்போனால் 9 ஆகும். கோவையில் அடித்துவிட்டு மேலே கொண்டுவந்தால் இன்னும் கெட்டியாகிவிடும், தலையால் முட்டுகிறவனுக்கு வலிக்கும். ஆடும் இடத்தில், ஆடும் நேரத்தில், நிழலில் வைத்து அளப்பது ஒன்றே வழி. ஊசியை ஈரமாக்காமல் குத்தினால் வால்வு கிழியும். ஒரு சொட்டு கிளிசரின் போதும்.

காற்றை அடித்துச் சரிசெய்யலாம், பந்து பறப்பதை அப்படிச் சரிசெய்ய முடியாது. கோவைக் காற்று இங்கிருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. இங்கே 50 மீட்டர் போகிற நீளப் பந்து அங்கே சில மீட்டர் முன்னாலேயே இறங்கும். சுழற்றி அடித்தால் அங்கே அதிகம் வளையும். நம் ஸ்டாப்பர்கள், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர்கள், இருவரும் மைதான ஓரமான விங்கிற்கு நீளமாகத் தூக்கியே பழகியவர்கள். அந்தப் பந்தெல்லாம் எதிரணித் தடுப்பாட்டக்காரனின் தலையில் போய் விழும்.

ஜனவரி 2, வெள்ளி

"மலைப் பசங்க, மூச்சு ஜாஸ்தி சார், கீழே போனா பறப்பாங்க." முன்னாள் மாணவர்கள் வருஷா வருஷம் சொல்வது. உயரத்தில் ஆடுவது சொந்த ஊரில்தான் பெரிய பலம். பொலிவியா லா பாஸில், 3,600 மீட்டர் உயரத்தில், 2009 ஏப்ரல் 1 அன்று அர்ஜென்டினாவை 6-1 என்று வென்றது. கீழிருந்து மேலே வந்தவர்கள் திணறினார்கள். நம் கணக்கு தலைகீழ், மேலிருந்து கீழே போகிறோம். மூச்சு அங்கே சுலபமாகத்தான் வரும். பையன்களை வீழ்த்துவது சூடு.

ஜனவரி 4, ஞாயிறு

மேட்டுப்பாளையத்தில் பயிற்சி ஆட்டம். பர்லியாறு தாண்டும்வரை இரண்டு பேர் வாந்தி. கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன் பூரியும் கிழங்கும் சாப்பிடவிட்டது தவறு; அடுத்த முறை இட்லி இரண்டு, வாழைப்பழம் ஒன்று, அதுவும் கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்னால்.

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எல்லாரையும் எடை பார்த்தோம். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதம் குறைந்தாலே ஓட்டமும் கவனமும் தளரும். 60 கிலோ பையனுக்கு அது 1.2 கிலோ. நடுக்களத்தில் ஆடும் இருவரும் அதைத் தாண்டிவிட்டார்கள். காரணம் எளிது. ஊட்டியில் தாகம் எடுக்காது, தண்ணீர் குடிக்கிற பழக்கமே கிடையாது. நாளையிலிருந்து ஆளுக்கு ஒரு பாட்டில், பயிற்சியில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை நான்கு மடக்கு. கீழே ஆடும் நாளில் ஒரு லிட்டருக்கு ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கைக்கணக்கில் போட்டால் குமட்டும். ஆட்டம் முடிந்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர், சில மணி நேரத்தில் பிரித்துப் பிரித்து.

ஓரத்திலிருந்து கோலை நோக்கித் தூக்கி அடித்த இரண்டு கிராஸைக் கோல் கீப்பர் தவறவிட்டான். தூரக் கம்பத்துக்குப் போகும் என்று பின்னால் போனான், பந்து முன்னாலேயே இறங்கிவிட்டது. ஊட்டியில் பழகிய கண் அப்படித்தான் சொல்லும். கோட்டிலிருந்து ஓர் அடி முன்னால் நிற்கப் பழக வேண்டும்.

ஜனவரி 5, திங்கள்

நிர்வாகத்திடம் கேட்டது ஒன்றே ஒன்று: புது ஜெர்சி வேண்டாம், அந்தப் பணத்தில் அணி மூன்று நாள் முன்னதாகக் கோவையில் தங்கட்டும். வெயிலுக்கு உடம்பு முழுசாகப் பழக ஒன்று, இரண்டு வாரம் வேண்டும். ஆனாலும் முதல் சில நாளிலேயே ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடத் தொடங்கும், வியர்வையும் சீக்கிரம் வரத் தொடங்கும். மூன்று நாள் போதாது. ஒரு நாளைவிட எவ்வளவோ மேல். சம்மதித்துவிட்டார்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

ஜனவரி 6, செவ்வாய்

கார்னர். சம பலமுள்ள அணிகள் மோதும் நாக்-அவுட்டில் ஒரே ஒரு நின்ற பந்து முடிவைச் சொல்லிவிடும்.

நாம் அடிக்கும்போது: கீப்பர், பின்னால் இருவர், அடிப்பவன், கிட்டக் கம்பத்தில் ஒருவன், எதிரணி கீப்பருக்கு முன்னால் ஒருவன், பெனால்டி புள்ளியிலிருந்து ஓடிவர மூவர், பெரிய பெட்டியின் விளிம்பில் இருவர். மொத்தம் பதினொன்று. அடிப்பவன் கையைத் தூக்குவான்; இறக்கியதும் மூவரும் ஓட்டம் எடுக்க வேண்டும். பந்தைப் பார்த்துவிட்டு ஓடினால் தாமதம். கையைத் தூக்கும்போதே ஓடினால் பந்து வரும்போது நின்றுகொண்டிருப்பார்கள், நின்றவன் எம்ப முடியாது. இன்றைய தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும்தான்.

அடிப்பவனைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல். 20 பந்து அடிக்கட்டும். கிட்டக் கம்பத்தில் நிற்கும் முதல் டிஃபெண்டரின் தலையைத் தாண்டுவது எத்தனை? 14-க்குக் குறைந்தால் வேறு ஆள். அழகாக வளைப்பவன் முதல் ஆளிடமே கொடுத்துவிடுகிறான். இடது மூலையிலிருந்து வலது காலால் உள்நோக்கி வளைப்பவன், கோவையில் இன்னும் அரை மீட்டர் வெளியே குறி வைக்க வேண்டும்.

தடுக்கும்போது: கோலுக்கு முன்னால் உள்ள 5.5 மீட்டர் கோட்டில் நால்வர் இடம் காக்க, மூவர் ஆள் பிடிக்க, கிட்டக் கம்பத்தில் ஒருவன், விளிம்பில் ஒருவன், கீப்பர். பதினோராவது ஆள் நடுக்கோட்டில். அவனையும் உள்ளே இழுக்கத் தோன்றும், இழுக்கக் கூடாது. அவன் அங்கே நின்றால் எதிரணி இருவரைப் பின்னால் நிறுத்தியாக வேண்டும்.

இன்னொன்று. 2025 ஜூலை முதல் கீப்பர் கையில் 8 வினாடிக்கு மேல் பந்தை வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 வினாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி விரலால் எண்ணுவார். முன்னிலையில் இருக்கும்போது பந்தை அணைத்துக்கொண்டு படுக்கிற பழக்கம் நம் கீப்பருக்கு உண்டு.

ஜனவரி 8, வியாழன்

த்ரோ. ஈரப் புல்லில் பின்கால் தூக்கிவிடுகிறது, ஃபவுல். இரண்டு காலும் தரையில், பந்து தலைக்குப் பின்னாலிருந்து. நேரடி த்ரோவுக்கு ஆஃப்சைடு இல்லை என்பதை விங் பையன்கள் பயன்படுத்துவதே இல்லை. பந்தைத் துடைக்கக் கோட்டோரம் ஒரு துண்டு வைக்க வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

9-ஆம் எண்ணுக்குச் சோதனை. மல்லாந்து படுத்து நேர்க்காலைத் தூக்குவதில் இரு பக்கமும் சமம். பாதி வேகத்தில் 30 மீட்டர், வலி இல்லை. முக்கால் வேகம், இல்லை. முழு வேகத்தை நெருங்கும்போது முகம் சுளித்தான். "ஒண்ணும் இல்ல சார், நான் ஆடிடுவேன்" என்கிறான். ஊசி போட்டு இறக்கலாமே என்று மேலிருந்து ஒரு யோசனை வந்தது. அந்த ஊசி தசையை ஆற்றாது, வலி என்கிற எச்சரிக்கையைத்தான் அணைக்கும். அதே இடம் மறுபடி கிழிந்தால் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். பத்தொன்பது வயசுப் பையன். இதில் பேச்சுக்கே இடமில்லை. 19-ஆம் தேதி மறுபடி பார்க்கலாம்.

ஜனவரி 13, செவ்வாய்

பொங்கல் விடுமுறைக்குத் தாள் கொடுத்தாயிற்று: ஒருநாள் விட்டு ஒருநாள் 20 நிமிட வார்ம்-அப், 30 மீட்டர் ஓட்டம் ஆறு, தண்ணீர். கரும்பு, பொங்கல், எல்லாம் சாப்பிடலாம்.

ஜனவரி 19, திங்கள்

கோவையில் இரண்டாம் நாள். நேற்று 40 நிமிடம், இன்று 60, இரண்டும் பிற்பகல் வெயிலில். நாளை வெறும் 30. ஸ்டாப்பர்கள் நீளப் பந்தைக் குறைத்து, நடுக்களத்துக்குத் தரையோடு கொடுக்கிறார்கள். கீப்பர் ஓர் அடி முன்னால் நிற்கிறான். எடைக்குறைவு எல்லாருக்கும் ஒரு கிலோவுக்குள். 9-ஆம் எண் முழு வேகத்தில் மூன்று முறை ஓடினான், முகம் மாறவில்லை. பெஞ்சில் இருப்பான், தேவைப்பட்டால் கடைசி அரைமணி.

ஜனவரி 20, செவ்வாய்

சமனில் முடிந்தால் பெனால்டி. ஆட்டம் முடியும்போது களத்தில் இருப்பவர்கள் மட்டுமே அடிக்க முடியும், ஆகவே கடைசி மாற்று ஆளை இறக்குமுன் ஐந்து பேர் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஐவரும் எந்த மூலை என்பதை இன்றே முடிவுசெய்தாயிற்று. நடுக்கோட்டிலிருந்து நடந்து வரும்போது மாற்றுபவன்தான் வெளியே அடிப்பான். இன்று ஓடிக் களைத்த பிறகு ஆளுக்கு மூன்று அடித்தார்கள்.

பையில்: பம்ப், ஊசி நான்கு, கேஜ், கிளிசரின், துண்டு மூன்று, ஸ்டட் சாவி, சர்க்கரை, உப்பு, அளவு டீஸ்பூன், 20 லிட்டர் கேன் இரண்டு. வார்ம்-அப் பந்துகளுக்கு நாளை 1:45-க்கு, வேப்பமர நிழலில், 11 பி.எஸ்.ஐ.